பக்கவிளைவைச் சொல்லிவிட்டே மருந்து தர வேண்டும்

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை. முடக்குவாதத்துக்காக ஆறு ஆண்டுகளாக என்னிடம் சிகிச்சை பெற்றுவரும் ஓர் அம்மையார், புறநோயாளிகள் பிரிவில் தம் மருந்துப் பையை மேசைமேல் கவிழ்த்தார். மெத்தோட்ரெக்சேட் அட்டை ஏறக்குறையக் காலியாக இருந்தது. ஃபோலிக் அமிலத்தையும் கால்சியத்தையும் முறையாக உட்கொண்டிருந்தார். எலும்புப்புரைக்காக வாரம் ஒரு மாத்திரை வீதம் நான் எழுதிக் கொடுத்திருந்த அலெண்ட்ரோனேட் அட்டை மட்டும் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. காரணம் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். அந்த மாத்திரை போட்டா தாடை எலும்பு அழுகிடும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன், போன தடவை ஒரே கூட்டமா இருந்துச்சு" என்றார்.

பக்கத்து வீட்டார் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தாடை எலும்புப் பாதிப்பு என்பது அம்மருந்தின் மிக அரிதான, ஆயினும் உண்மையான பக்கவிளைவு. அதை அவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய கடமை எனக்கு இருந்தது. நான் சொல்லாமல் விட்ட இடத்தைப் பக்கத்து வீட்டார் நிரப்பியிருக்கிறார். ஆனால் அது எத்தனை பேரில் ஒருவருக்கு வரும், அதைத் தடுக்க என்ன வழி என்பவற்றை அவர் சொல்லவில்லை. அதன் பயன், எலும்பு முறியும் அபாயம் மிகுதியாக உள்ள ஒருவர் மூன்று மாதங்கள் மருந்தின்றி இருந்ததுதான்.

வாதநோயாளிகளுக்கு எலும்புப்புரை மருந்து எழுதும் ஒவ்வொரு மருத்துவரும் அதன் பக்கவிளைவுகளை, அச்சமூட்டுபவை உட்பட, முதல் நாளிலேயே எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கேட்டறிந்த நோயாளர், மருந்தை நிறுத்த விரும்பினால் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பது அக்கருத்தின் மறுபாதி. இவ்விரண்டும் ஏன் தேவை என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

இரு நோய்களுக்கு ஒரே பெயர்

நம் மக்கள் வழக்கில் 'எலும்புத் தேய்மானம்' என்னும் ஒரே சொல் இரு வேறு நோய்களைக் குறிக்கிறது. முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலி உண்டாவதையும் அப்படித்தான் சொல்கிறோம். எலும்பின் உட்கட்டமைப்பு மெலிந்து, இலேசான சறுக்கலில்கூட முறிந்துவிடும் நிலையையும் அப்படித்தான் சொல்கிறோம். முன்னது மூட்டின் நோய், அது வலிக்கும். பின்னதுதான் எலும்புப்புரை; எலும்பு முறியும் வரை அது பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

இந்தச் சொற்குழப்பம் சிகிச்சையையே பாதிக்கிறது. எலும்புப்புரை மருந்தைத் தொடங்கிய சிலர், முழங்கால் வலி குறையும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகியும் வலி குறையாதபோது, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து விட்டுவிடுகிறார்கள். எலும்புப்புரை மருந்து மூட்டுவலியைக் குறைப்பதற்கானதன்று. நாளை நேரக்கூடிய முறிவைத் தடுப்பதே அதன் வேலை. நடக்காமல் போன முறிவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வயிற்றெரிச்சலோ உடனே தெரிகிறது. எலும்புப்புரை மருந்துகளின்மேல் நம்பிக்கை ஏற்படுவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு எலும்புப்புரை இரண்டு வழிகளில் வருகிறது. மூட்டுகளில் உள்ள அழற்சி, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அந்த அழற்சியை அடக்க நாங்கள் தரும் பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள், புதிய எலும்பு உருவாவதைத் தடுக்கின்றன. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே எலும்பிழப்பு வேகமாக நிகழ்ந்து, முறிவு அபாயமும் உயரத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்டீராய்டு உட்கொள்வோர் அனைவருக்கும் முறிவு அபாயத்தைக் கணிக்க வேண்டும் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல் கூறுகிறது. நம் ஊர்களில் 'மூட்டுவலிப் பொடி' என்று பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கப்படுபவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. அவற்றைப் பல மாதங்கள் உட்கொண்டவர்கள், தாம் ஸ்டீராய்டு உட்கொண்டதையே அறிய மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் உட்கொண்டவர் சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு.

முறிவைச் சாதாரணமாகக் கருதவும் இயலாது. முதியவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைப்பவர்களிலும் பலர் முன்போல் தனியே நடமாட இயலாமல் போகிறார்கள். முள்ளெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு கண்டறியப்படாமலேயே போகின்றன. முதுகு கூனுவதையும் உயரம் குறைவதையும் முதுமையின் இயல்பு என்று விட்டுவிடுகிறோம்.

நீங்கள் அறிந்திருக்க வேண்டிய பக்கவிளைவுகள்

முதலாவது, வயிறும் உணவுக்குழாயும். அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட் போன்ற வார மாத்திரைகள் உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண் உண்டாக்கும். ஆகவே காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் நிமிர்ந்து உட்காரவோ நிற்கவோ வேண்டும், படுக்கக் கூடாது. அந்த அரைமணி நேரத்துக்குக் காப்பி, பால், பிற மாத்திரைகள் எதுவும் ஆகாது. முறையாக உட்கொண்டாலும் இம்மருந்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. காப்பியுடன் உட்கொண்டால் அதிலும் பாதிக்கு மேல் வீணாகிவிடும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அதிகாலையில்தான் மூட்டு விறைப்பு மிகுதி. டம்ளரைப் பிடிக்கவும் எழுந்து உட்காரவும் துணை தேவைப்படும். அந்த ஒரு நாள் காலையில் வீட்டார் யாரேனும் உடனிருந்தால் போதும். வலிநிவாரணி மாத்திரைகளை ஏற்கெனவே உட்கொள்பவர்களுக்கு வயிற்றுப் புண் வரும் வாய்ப்பு இன்னும் கூடும் என்பதால், அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கும்போது வலியோ அடைப்போ தோன்றினால் அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே வாருங்கள். வேறு வகை மருந்துக்கு மாற்ற வழியுண்டு.

இரண்டாவது, காய்ச்சல். சோலெட்ரோனிக் அமிலம் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்தப்படுவது. முதல் முறை செலுத்திய மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, மூட்டுவலி ஆகியவற்றுள் ஏதேனும் வருவது மிகவும் சகஜம். 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் முதல் முறை நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேருக்கு இவை வந்தன. இரண்டாம் ஆண்டில் அது 7 ஆகவும், மூன்றாம் ஆண்டில் 3 ஆகவும் குறைந்தது. பாரசிட்டமால் மாத்திரையும் போதிய தண்ணீரும் பெரும்பாலும் போதும். முன்னறிவிப்பு இல்லாதவர் இக்காய்ச்சலைக் கண்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அஞ்சி, மறு ஆண்டு வராமலே போகிறார்.

மூன்றாவது, வாதநோயாளிகளுக்கே உரிய ஒரு சிக்கல். பிஸ்பாஸ்போனேட் எனப்படும் இவ்வகை மருந்துகள் சிலருக்குக் கடுமையான எலும்பு, மூட்டு, தசை வலியை உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்தது. அவ்வலி மருந்து தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம். மூட்டுவலி இல்லாதவருக்கு இது உடனே புலப்படும். ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவரோ வாதம் முற்றிவிட்டது என்று எண்ணுவார். மருத்துவரும் அவ்வாறே எண்ணி ஸ்டீராய்டின் அளவைக் கூட்டிவிடலாம். அதனால் எலும்பு மேலும் மெலியும். வலி கூடிய நாளையும், எலும்புப்புரை மருந்து தொடங்கிய நாளையும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் இக்குழப்பத்தைத் தவிர்க்கலாம். மூட்டில் வீக்கமும் காலை விறைப்பும் கூடாமல் வலி மட்டும் கூடியிருந்தால், அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைக் காணக் கூசினால் அது முடக்குவாதத்தாலும் வரலாம், அரிதாக இம்மருந்தாலும் வரலாம். எதுவாயினும் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும்.

நான்காவது, நம் அம்மையாரை அச்சுறுத்திய தாடை எலும்புப் பாதிப்பு. பல் பிடுங்கிய இடம் ஆறாமல், எலும்பு வெளியே தெரியும் நிலை இது. மருத்துவ இதழ்களில் 2003 முதல் பேசப்பட்டு வருகிறது. அவ்வாறு பதிவானவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இம்மருந்துகளை மிக அதிக அளவில் பெற்றவர்கள். எலும்புப்புரைக்கு ஓராண்டில் 5 மில்லிகிராம் சோலெட்ரோனிக் அமிலம் தருகிறோம்; எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வரை தரப்படுவதுண்டு. எலும்புப்புரைக்கு உட்கொள்வோரில் 10,000 பேர் ஓராண்டு உட்கொண்டால் ஒருவருக்கு, அல்லது அதனினும் குறைவாகவே இப்பாதிப்பு வருகிறது. ஸ்டீராய்டு, நீரிழிவு, புகையிலை, பற்சுத்தக் குறைவு ஆகியவை அபாயத்தைக் கூட்டும். மருந்து தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி, புண் ஆறிய பின் தொடங்குவது நன்று. தொடங்கிய பின் பற்களைச் சுத்தம் செய்துகொள்வதற்கோ பல்லை அடைப்பதற்கோ அஞ்ச வேண்டியதில்லை. இம்மருந்து உட்கொள்வதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, தொடை எலும்பின் வழக்கத்துக்கு மாறான முறிவு. பல ஆண்டுகள் பிஸ்பாஸ்போனேட் உட்கொண்ட சிலருக்கு, பெரிய அடி எதுவும் படாமலேயே தொடை எலும்பின் நடுப்பகுதி முறிகிறது. பலருக்கு இது எச்சரிக்கை தந்தே வருகிறது: முறிவுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்னதாகத் தொடையிலோ தொடையிடுக்கிலோ மந்தமான வலி தொடங்கும். வாதநோயாளிகள் அதை இடுப்பு மூட்டு வலி என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். மருந்து உட்கொள்ளும் காலத்தில் புதிதாகத் தொடைவலி வந்தால், இரு தொடை எலும்புகளையும் முழு நீளத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆறாவது, இரத்தத்தில் கால்சியம் குறைதல். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, கைகால் பிடிப்பு ஆகியன அதன் அறிகுறிகள். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் இது கடுமையாகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் டெனோசுமாப் ஊசி, முற்றிய சிறுநீரக நோயாளிகளுக்குக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று 2024இல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிடப்பட்டது. சிறுநீரக வடிகட்டுத்திறன் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழ் இருப்பவர்களுக்குச் சோலெட்ரோனிக் அமிலம் தரலாகாது. மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கி உட்கொள்ளும் வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பதால், வாதநோயாளிகளுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் தேவை. ஊசிக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

எடைபோட்டுப் பார்த்தால்

பக்கவிளைவின் பட்டியலை மட்டும் சொல்லி நிறுத்துவதும் அரைகுறைச் செய்தியே. கிடைக்கும் நன்மையையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 2 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. தொடை எலும்பின் வழக்கத்துக்கு மாறான முறிவு, வெள்ளையினப் பெண்களைவிட ஆசிய வழிப் பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக ஏற்படுவதை அது காட்டியது. இதை நாம் மறைக்கக் கூடாது. அதே ஆய்வின் கணக்குப்படி, ஆசிய வழிப் பெண்கள் 10,000 பேர் மூன்றாண்டுகள் பிஸ்பாஸ்போனேட் உட்கொண்டால், இம்மருந்தால் 8 பேருக்கு அவ்வகைத் தொடை முறிவு வரும். இடுப்பு எலும்பு முறிவிலிருந்து 91 பேர் தப்புவார்கள். மருந்தை உட்கொள்ளும் காலம் நீள நீள அபாயம் கூடியது. ஓராண்டுக்கு மேல் ஸ்டீராய்டு உட்கொண்டோருக்கும் கூடியது. மருந்தை நிறுத்திய பின் விரைவாகக் குறைந்தது.

இந்த எண்கள் இரு செய்திகளைச் சொல்கின்றன. முதல் சில ஆண்டுகளில் தராசு மருந்தின் பக்கமே தெளிவாகத் தாழ்கிறது. ஆனால் அதையே ஆயுள் முழுவதும் கணக்கின்றித் தொடர்வதும் தவறு. மாத்திரையை ஐந்து ஆண்டுகளும், ஆண்டு ஊசியை மூன்று ஆண்டுகளும் பெற்ற பின், தொடரலாமா, சிறிது காலம் இடைவெளி விடலாமா என்று மறு ஆய்வு செய்ய வேண்டும். ஸ்டீராய்டைத் தொடர்ந்து உட்கொள்பவருக்கும் ஏற்கெனவே முறிவு கண்டவருக்கும் இடைவெளி பெரும்பாலும் பொருந்தாது. ஐந்து ஆண்டு முடிந்தும் மருத்துவர் அப்பேச்சை எடுக்கவில்லையானால் நீங்களே எடுங்கள்.

நிறுத்துவதற்கும் விளைவு உண்டு

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளாக முடக்குவாதமும், நாள்தோறும் ஸ்டீராய்டும் என வாழ்ந்த ஒரு முதிய தாய்க்கு, மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் டெனோசுமாப் ஊசி தொடங்கினேன். இரண்டு ஊசிகள் முறையாகப் போட்டாயிற்று. மூன்றாவது 2020 ஏப்ரலில் போட வேண்டியது. ஊரடங்கு வந்தது, பேருந்துகள் நின்றன. ஊரடங்கு தளர்ந்த பிறகும் அவருக்கு உடம்பில் குறையொன்றும் தெரியவில்லை, ஆகவே வரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் ஏதோ முறிந்ததுபோல் வலித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் மூன்று முள்ளெலும்புகள் நொறுங்கியிருந்தன.

பிஸ்பாஸ்போனேட் மருந்து எலும்பிலேயே படிந்து, நிறுத்திய பின்னும் சில காலம் காக்கும். டெனோசுமாப் அப்படிப்பட்டதன்று. அதன் வேலை ஆறு மாதத்தோடு முடிகிறது. அடுத்த ஊசி தவறினால், அதுவரை அடங்கியிருந்த எலும்பரிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. ஒரே நேரத்தில் பல முள்ளெலும்புகள் முறியும் அபாயம் எழுகிறது. ஊசி ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகலாகாது. நிறுத்தியே ஆக வேண்டுமானால், வேறொரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். இவையெல்லாம் 2020க்கு முன்பே மருத்துவ உலகுக்குத் தெரிந்தவை. எனக்கும் தெரியும். ஆனால் நான் எழுதிய சீட்டில் '6 மாதம் கழித்து வரவும்' என்ற ஒரு வரிதான் இருந்தது.

அவருடைய மகள் என்னிடம் கேட்டார்: "இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்து ஊர் நர்ஸ் அம்மாவையாவது கூப்பிட்டுப் போட்டிருப்போமே டாக்டர்?" இன்சுலின் போல் தோலுக்கடியில் போடும் ஊசி அது. அவர் சொன்னது நடக்கக்கூடியதே. என்னிடம் பதில் இல்லை.

எலும்பைப் புதிதாக வளர்க்கும் டெரிபாரடைட் ஊசிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நாள்தோறும், பெரும்பாலும் இரண்டு ஆண்டு வரை போடப்படுவது அது. குமட்டல், தலைச்சுற்றல், கால் பிடிப்பு சிலருக்கு வரும். அது முடிந்ததும் வேறொரு மருந்தைத் தொடராவிட்டால், ஈட்டிய எலும்பு மீண்டும் கரைந்துவிடும். விரல்கள் கோணிய முடக்குவாத நோயாளர் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொள்வது கடினம் என்பதால், வீட்டில் ஒருவர் அதைக் கற்றுக்கொள்வது நல்லது.

'சொன்னால் பயந்துவிடுவார்கள்'

என் சக மருத்துவர்களில் சிலர் இக்கருத்தை ஏற்பதில்லை. "ஒரு நோயாளருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அதில் தாடை எலும்பு, தொடை எலும்பு என்று தொடங்கினால், தேவையான மருந்தையும் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள்" என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நேரமின்மை உண்மை. அச்சம் சிலரை விலக்கிவிடும் என்பதும் உண்மை.

ஆனால் சொல்லாமல் விட்டால் அச்சம் வராது என்பதற்கு உறுதியில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஆங்கிலத் தாளிலிருந்தும், கைப்பேசியில் வரும் காணொளியிலிருந்தும், பக்கத்து வீட்டிலிருந்தும் அது வந்தே தீரும். அப்போது அதற்கு எண்ணிக்கை இருக்காது. தடுக்கும் வழியும் இருக்காது. மருத்துவர் மறைத்துவிட்டார் என்ற மனக்கசப்பு மட்டும் கூடவே வரும். வாய்வழி மாத்திரைகளை ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மௌனம் அவர்களைக் காப்பாற்றவில்லை. மாறாக, "நாளைக்குக் காய்ச்சல் வரலாம், இரண்டு நாளில் போய்விடும்" என்று கேட்டறிந்த நோயாளர், காய்ச்சல் வரும்போது மருத்துவர் சொன்னதுதான் என்று அமைதி கொள்கிறார். மறு ஆண்டு ஊசிக்கும் வருகிறார். என் அனுபவத்தில் நான் மீண்டும் மீண்டும் கண்டது இது.

நேரமின்மைக்கும் வழியுண்டு. அந்தத் தாயின் நிகழ்வுக்குப் பின், எலும்புப்புரை மருந்து எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் தமிழில் மூன்று வரிகள் எழுதிவருகிறேன்: என்ன தொல்லை வரலாம், எது வந்தால் உடனே வர வேண்டும், அடுத்த மருந்துக்கான தேதி எது, தவறினால் என்ன ஆகும். எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். மருந்தாளுநரும் செவிலியரும் அதை மறுமுறை வாசித்துக் காட்டினால் இன்னும் நன்று. இது தனி மருத்துவர் ஒருவரின் பழக்கமாக நின்றுவிடாமல், ஒவ்வொரு மருத்துவமனையின் நடைமுறையாக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான வேண்டுகோள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்டும் வாரம் ஒருமுறை. அலெண்ட்ரோனேட்டும் வாரம் ஒருமுறை. மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிர் போகக்கூடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமையை நிலையாக வகுத்து, நாட்காட்டியில் எழுதி வையுங்கள்; ஒரே நாளில் இரண்டையும் வைக்காதீர்கள். கால்சியம் மாத்திரையை உணவோடு வேறு வேளையில் கொடுங்கள். எலும்பு ஊசியின் அடுத்த தேதியைக் குடும்பத்தில் இருவர் கைப்பேசியிலாவது பதிந்து வையுங்கள்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, யாரேனும் சொன்னதைக் கேட்டு அச்சம் தோன்றினாலோ, அதை மறைக்காமல் சொல்லுங்கள். உட்கொள்ளாத மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அவற்றை உட்கொண்டுவிட்டதாக நினைத்து நாங்கள் முடிவெடுத்தால் அம்முடிவு தவறாகவே அமையும். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சாதீர்கள். அப்படிக் கோபித்துக்கொண்டால் தவறு அவருடையதே.

அந்த அம்மையாருக்கு அன்று கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கினேன். 10,000 பேரில் ஒருவர் என்பதை அவர் ஊர்த் திருவிழாக் கூட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லி விளக்கினேன். பல் மருத்துவரிடம் அனுப்பினேன். பிடுங்கியே தீர வேண்டிய நிலையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் இருந்தன. அவற்றைப் பிடுங்கியாயிற்று, புண் ஆறிவருகிறது. பல் மருத்துவர் சரியென்றதும் மாத்திரையைத் தொடங்குவார். பக்கத்து வீட்டார் சொன்ன சொல் அவரை அச்சுறுத்தியது மெய்தான். அச்சொல்லால்தான் அப்பற்களும் தெரியவந்தன. அதை நானே முதலில் கேட்டிருந்தால், அவர் மூன்று மாதங்களை இழந்திருக்க மாட்டார்.